ஸ்டேஷன் சொன்னாத்தான் கேட்டு திறக்கும்

பெத்த பொண்ணு கல்யாணத்துக்குப் போகாம வீட்டுக்குக் காவல் இருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கல்யாணம் ஏதோ வெளியூர்ல நடந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. பெங்களூரு பிரேசர் டவுன்ல அவங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா மாதா கோயில் மணி காதுல விழும். அந்தக் கோயில்லதான் கல்யாணம். எல்லாரையும் அனுப்பிட்டு, இவங்க மட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு கேட்டுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிட்டாங்களாம். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமா வாசல்ல வந்து நின்னப்பவும், மாப்பிள்ளை ஸ்டேஷன் பேரைச் சொல்ற வரைக்கும் கதவைத் திறக்கலையாம். அது என்ன ஸ்டேஷன்னு சொல்றேன், இருங்க.

இதை ஊர்ல யாரோ கதை கட்டினதா நினைச்சேன். இல்ல. அவங்களே எனக்குச் சொன்னாங்க, புளி கரைச்சுக்கிட்டே, ரொம்ப சாதாரணமா. ஏன் ஆன்ட்டி போகலன்னு நான் கேட்டதுக்கு, "கல்யாண வீடு காலியா இருக்கும்னு திருடனுக்குப் பத்திரிகை வேற வைக்கணுமாம்மா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க.

அவங்க எங்க வீட்டுக்காரம்மா. கீழ அவங்க, மாடியில நானும் என் வீட்டுக்காரரும் வாடகைக்கு. பேரு வேணாம், நாங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்ல. நேர்ல ஆன்ட்டி, முதுகுக்குப் பின்னாடி வீட்டுக்காரம்மா, எனக்குக் கோபம் வந்தா ஜெயிலரம்மா. கோபம் வராத நாள் கம்மி.

ஆளு ஒல்லி, குள்ளம், மூக்குல எப்பவும் ஒரு தடிச்ச கண்ணாடி. இடுப்புல ஒரு சாவிக்கொத்து தொங்கும். அது சத்தம் முதல்ல வரும், ஆள் பின்னாடி வருவாங்க. அரிசி டின்னுக்குக்கூடப் பூட்டு உண்டு. காம்பவுண்டு சுவர் மேல வரிசையா கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கும். கேட்டு முழுக்க இரும்புத் தகடு, தெருவுல போற நாயோட வால்கூடத் தெரியாது. அந்தக் கேட்டுலயே ஓரமா ஆள் நுழையுற மாதிரி ஒரு சின்னக் கதவு, அதுக்கு உள்பக்கமா பூட்டு. பக்கத்துல கண் உயரத்துல ஒரு சோப்பு டப்பா அளவுக்கு ஜன்னல், உள்ள இருந்து தள்ளித் திறந்து வெளிய யாருன்னு பார்க்கிறதுக்கு.

நாங்க ஆம்பூர்ல இருந்து டெம்போவுல சாமான் ஏத்திக்கிட்டு வந்து இறங்கின அன்னிக்கே சட்டத்தைச் சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரருக்குப் பீன்யாவுல ஒரு பேக்டரியில ஷிப்டு வேலை. கல்யாணமாகி மூணு மாசம் ஆகியிருந்துச்சு எனக்கு. பால் காய்ச்சக்கூட விடல, கூப்பிட்டு உட்கார வச்சாங்க.

"இங்க பாரும்மா. வெளிய போயிட்டு வந்தா கேட்டுல நின்னு ஸ்டேஷன் சொல்லணும். குரலைக் கேட்டும் திறக்க மாட்டேன், மூஞ்சியைப் பார்த்தும் திறக்க மாட்டேன்."

விஷயம் இதுதான். அவங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்த காலத்துல மெட்ராஸ் லைன்ல ரயில் கார்டா இருந்தவர். அதனால பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல இருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாம இந்தம்மாவுக்கு மனப்பாடம். பெங்களூர் ஈஸ்ட், பையப்பனஹள்ளி, கிருஷ்ணராஜபுரம், வொயிட்பீல்ட், அப்படியே மாலூர், பங்காருபேட்டை, குப்பம், ஜோலார்பேட்டைன்னு போகும். முதல் தடவை வெளிய போயிட்டு வந்தா பெங்களூர் ஈஸ்ட்னு சொல்லணும். அடுத்த தடவை பையப்பனஹள்ளி. மெட்ராஸ் போய்ச் சேர்ந்துட்டா மறுபடி முதல்லேருந்து புது ரயில். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ரயில். எனக்கு ஒண்ணு, என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு, பால்காரருக்கு ஒண்ணு, காய்கறிக்காரம்மாவுக்கு ஒண்ணு. யார் எந்த ஸ்டேஷன்ல நிக்கிறாங்கன்னு அத்தனையும் அந்தச் சின்னத் தலைக்குள்ள இருக்கும். ஒரே ரயில்ல ஒரு தடவை சொன்ன ஸ்டேஷனை மறுபடி சொன்னா திறக்க மாட்டாங்க, நீங்க தலைகீழா நின்னாலும் சரி.

பால்காரர் ஹொஸ்கோட்டைப் பக்கத்து கன்னடக்காரர், நல்ல மனுஷன். காலையில சைக்கிளை நிறுத்திட்டு, கேட்டைப் பார்த்து "மாலூரு"ன்னு கத்துவார். ஒரு நாள் தாங்காம, "ஏனம்மா, ஹாலு கொடோக்கு டிக்கெட் பேக்கா?"ன்னு கேட்டுட்டார், பால் ஊத்துறதுக்கு டிக்கெட் வாங்கணுமான்னு. டிக்கெட் வேணாம், ஸ்டேஷன் போதும்னு உள்ள இருந்து பதில் வந்துச்சு. மாதா கோயில் சாமியார் மாசம் ஒருக்கா வந்து வீட்டுலயே நன்மை, அதான் கோயில் பூசையில குடுக்கிற அப்பம், குடுத்துட்டுப் போவார். அவருக்கும் ஸ்டேஷன் உண்டு. பாவம், அங்கியைப் பிடிச்சுக்கிட்டு அவர் வெயில்ல நின்னு யோசிக்கிறதை நான் மாடியில இருந்து பார்த்திருக்கேன்.

என் வீட்டுக்காரர் இதுல ஒரு விளையாட்டு விளையாடினார். அவர் கணக்குல அடுத்தது வொயிட்பீல்ட் வரணும். இவர் வேணும்னே பங்காருபேட்டைன்னார். நடுவுல இருக்கிறதெல்லாம் என்னாச்சுன்னு உள்ள இருந்து கேள்வி. எக்ஸ்பிரஸ்ல வந்தேன் ஆன்ட்டி, நிக்கலன்னு இவர் சொல்ல, எனக்குச் சிரிப்பு தாங்கல. ஆனா அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டுக் கதவைத் திறந்துட்டாங்க. நாலஞ்சு ஸ்டேஷன் முன்னாடி போனா பரவாயில்லையாம், தூங்கிக்கிட்டு வந்திருப்பன்னு எடுத்துக்குவாங்களாம். அதுக்கப்புறம் அவரு பங்காருபேட்டையில இருந்துதான் கணக்கு. விட்டுப் போன வொயிட்பீல்டும் மாலூரும் செத்துப் போச்சு, இனி அதைச் சொன்னா செல்லாது. ஒரே தாவா காட்பாடிக்குத் தாவினா அதுவும் செல்லாது. இதையெல்லாம் ரயில்வே சட்டம் மாதிரி எடுத்துச் சொன்னாங்க. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஆனா ஏன் இப்படி ஆனாங்கன்னு தெரிஞ்ச அப்புறம் எனக்குச் சிரிப்பு குறைஞ்சு போச்சு.

அவங்க வீட்டுக்காரர் செத்துப் போன வருஷம், ஒரு மத்தியானம். வாசல்ல "அம்மா, ஹாலு"ன்னு சத்தம். அப்ப இருந்த பால்காரர் எப்படி இழுத்துக் கூப்பிடுவாரோ அதே மாதிரி. இந்த நேரத்துல என்னன்னு யோசிச்சுக்கிட்டே கதவைத் திறந்திருக்காங்க. ரெண்டு பேர் உள்ள வந்துட்டானுங்க. எவனோ பல நாள் தெருவுல நின்னு அந்தப் பால்காரர் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கான். மகளுக்குன்னு சேர்த்து வச்சிருந்த நகை அத்தனையும் போச்சு. போறப்ப இவங்களைக் குளியலறைக்குள்ள தள்ளி வெளித்தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிட்டானுங்க. சாயந்திரம் மக காலேஜ்ல இருந்து வர்ற வரைக்கும் அந்த இருட்டுலயே உட்கார்ந்திருக்காங்க. கத்தினீங்களா ஆன்ட்டின்னு கேட்டேன்.

"கத்தல. அதே குரல் மறுபடி வந்து என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, அது எந்த ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்னிலேருந்துதான் ஸ்டேஷன். அன்னிலேருந்து அவங்க வெளிய போனதும் இல்ல. கடைக்கு இல்ல, கோயிலுக்கு இல்ல, மக கல்யாணத்துக்கும் இல்ல. எல்லாருக்கும் ஒரு ரயில் இருந்துச்சு, அவங்களுக்கு மட்டும் கிடையாது. வெளிய போனாத்தானே திரும்பி வந்து ஸ்டேஷன் சொல்றதுக்கு.

சரி, அவங்க உள்ள கிடக்குறது அவங்க இஷ்டம். நான் என்ன பாவம் பண்ணேன்? கீரை வாங்கணும்னா படி இறங்கிப் போய் ஆன்ட்டி ஆன்ட்டின்னு கூப்பிடணும். எங்க போற, யாரோட போற, எப்ப வருவன்னு கேட்டுட்டு, சாவிக்கொத்துல துழாவி, ஜன்னலைத் தள்ளித் தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் விடுவாங்க. இந்தக் கூத்துக்குப் பயந்தே பாதி நாள் வெளிய போக மாட்டேன். வெளிய போகலன்னா என் ரயிலும் நகராது. வந்த புதுசுல எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு, சீக்கிரம் ஜோலார்பேட்டை தாண்டி எங்க ஆம்பூர் வரைக்கும் வந்துடணும்னு. அந்தக் கேட்டுல நின்னு வாய் நிறைய ஆம்பூர்னு சொன்னா, அம்மா வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும்னு நினைப்பு. பொங்கல் போயிருச்சு, கோடை வந்துருச்சு, நான் மாலூர் தாண்டி டேக்கல்லயே நின்னேன். டேக்கல்னு ஒரு ஊர் இருக்கிறதே அந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மொட்டை மாடியில துணி காயப் போடுறப்ப கன்டோன்மென்ட் பக்கம் ரயில் கூவும். எனக்கு அழுகையா வரும்.

அந்தக் கோடையிலதான் மக விஷயம் முத்துச்சு. மகளைக் காட்பாடியில கட்டிக் குடுத்திருந்தாங்க. கல்யாணத்துக்கு வராத கோபத்துல அவ அம்மா வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கல, எல்லாம் போன்ல மட்டும்தான். இப்ப மாசமா இருந்தா. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், ஆனா ரத்தக்கொதிப்பு இருக்கு, பஸ்ஸு ரயிலு எதுவும் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்ப யார் போகணும்? அம்மாதான் போகணும். மக போன்ல சொன்னதை இவங்க மாடிப்படியில வந்து உட்கார்ந்து என்கிட்டச் சொன்னாங்க. இந்தத் தடவையும் உனக்கு வீடுதான் பெருசுன்னா, எனக்கு அம்மா இல்லன்னு நினைச்சுக்கிறேன்னு சொல்லிட்டாளாம். சொல்லி முடிச்சுட்டுச் சாவிக்கொத்தை மடியில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. போங்க ஆன்ட்டி, நாங்க வீட்டைப் பார்த்துக்கிறோம்னு சொன்னேன். உன்னை யாராவது ஏமாத்திட்டா என்னம்மா பண்றதுன்னாங்க. எனக்கு ரோஷம் வந்துச்சு, எழுந்து மாடிக்குப் போயிட்டேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். காட்பாடியில கரண்டு சாமான் கடை வச்சிருந்தார், மோட்டார் கேட்டும் மாட்டிக் குடுப்பார். மாமியாரை வெளிய கிளப்ப அவர் கண்டுபிடிச்ச வழி ரிமோட்டு. கேட்டுக்கு மோட்டார் வச்சுட்டா, கையில இருக்கிற ரிமோட்டை அமுக்கினாத் திறக்கும், மறுபடி அமுக்கினா மூடிக்கும். யாரும் உள்ள இருந்து பூட்டவும் வேணாம், திறக்கவும் வேணாம்.

வேணவே வேணாம்னுட்டாங்க. காரணம் இருந்துச்சு. பின்தெருவுல ஒரு பெரிய வீட்டுல ஏற்கெனவே அப்படி ஒரு கேட்டு இருந்துச்சு. அதுல என்ன ஆச்சுன்னா, மூலை வீட்டுல புதுசா அதே மாதிரி ஒண்ணு மாட்டினாங்க. இவன் அமுக்கினா அவன் கேட்டும் திறந்துச்சு. ரெண்டு ரிமோட்டும் ஒரே நம்பரைச் சொல்லுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. தெரு பூராவும் சிரிச்சுச்சு, இந்தம்மா மட்டும் சிரிக்கல. தினமும் ஒரே பேச்சு பேசுற ரிமோட்டை எவனாவது ஒரு தடவை ஒட்டுக் கேட்டா போதும், அதையே திருப்பிச் சொல்லி உள்ள வந்துடுவான்னாங்க. அம்மா, ஹாலு. அதேதான்.

மாப்பிள்ளை விடல. ஒரு ஞாயித்துக்கிழமை பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டார். ஸ்டேஷனைச் சொல்லி உள்ள வந்து உட்கார்ந்தார். நான் காபி கொண்டு போய்க் குடுத்துட்டு அங்கேயே நின்னுட்டேன், எனக்கும் இதுல பங்கு இருக்கே.

"அத்தை, இது அந்த ரிமோட்டு இல்ல. இது உங்க ரயில்தான். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் புது ஸ்டேஷன் சொல்லும், சொன்னதை மறுபடி சொல்லாது."

அவங்க காபி டம்ளரைக் கீழ வச்சுட்டாங்க. அப்புறம் நடந்தது கோர்ட்டு விசாரணை. எவனாவது இன்னிக்கு ஸ்டேஷனை ஒட்டுக் கேட்டா? கேட்டுட்டுப் போகட்டும் அத்தை, மோட்டார் அதைத் தாண்டிப் போயிருக்கும், திறக்காது. மெட்ராஸ் லைன் தெரிஞ்சவன் அடுத்த ஸ்டேஷனைச் சொல்லிட மாட்டானா? அங்கதான் மாப்பிள்ளை மடக்கினார். உங்க லைன்ல வொயிட்பீல்டுக்கு அப்புறம் என்னன்னு ஊருக்கே தெரியும், இதுல தெரியாது. ரிமோட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியம் உள்ள இருக்கு. எத்தனையாவது தடவைங்கிற கணக்கை அந்த ரகசியத்தோட போட்டுக் குழப்பித்தான் வெளிய அனுப்பும். கேக்குறவனுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், அதனால இன்னிக்கு வந்ததை வச்சு நாளைக்கு வரப்போறதைச் சொல்ல முடியாது. மோட்டாருக்கு ரகசியம் தெரியும், அதனால பிரிச்சுப் பார்த்துக்கும்.

அவங்க கண்ணு மின்னுச்சு. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்த மூஞ்சியில அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. ஆனா விசாரணை முடியல. கேட்டுக்குக் கேக்காத தூரத்துல நான் தெரியாம அமுக்கிட்டா? கொஞ்சம் முன்னாடி போயிருந்தா ஒத்துக்கும் அத்தை, எக்ஸ்பிரஸ்னு நினைச்சுக்கும். ரொம்ப முன்னாடி போயிட்டா? மாப்பிள்ளை இழுத்தார். ரொம்பப் போயிட்டா நம்பாது, வேற ஆளுன்னு நினைச்சுக்கும். அப்புறம் உள்ள இருக்கிற மோட்டார் பெட்டியைத் திறந்து ரிமோட்டைப் புதுசா அறிமுகம் பண்ணி வைக்கணும். அதனால வழியில சும்மா சும்மா அமுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனார். நான் என்ன சின்னப் புள்ளையான்னு இவங்க கேட்டாங்க.

மோட்டார் வந்துச்சு, ரெண்டு ரிமோட்டு வந்துச்சு. ரெண்டும் அவங்க கையில. ஒண்ணு எனக்குன்னுதான் மாப்பிள்ளை குடுத்தார், அது என் கைக்கு வரல. ஒரு வாரம் அவங்களுக்கு அதே வேலை. வராண்டாவுல நின்னு அமுக்குவாங்க, கேட்டு உருண்டு திறக்கும். தெரு தெரியும், வெயில் தெரியும், ஆட்டோ போறது தெரியும். எனக்கு ஓடிப் போயிடலாமான்னு இருக்கும். அதுக்குள்ள மூடிடுவாங்க. இது என் புத்தியை வச்சுச் செஞ்சதும்மான்னு வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் பெருமை. சரி, எப்பக் காட்பாடி போறீங்கன்னு கேட்டா மட்டும் மறுபடி ரிமோட்டை எடுத்து அமுக்குவாங்க. பொண்ணுக்கு நாள் நெருங்கிக்கிட்டே இருந்துச்சு.

ஒரு நாள் விடியக்காலையில கீழ போன் அடிச்சுது. சொன்ன தேதிக்கு முன்னாடியே மகளை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. நான் படியில இறங்கிப் பார்த்தப்போ இந்தம்மா புடவை மாத்திக்கிட்டு வராண்டாவுல நிக்கிறாங்க, கால் நகர மாட்டேங்குது. நான் போய்க் கையில பையைக் குடுத்தேன். ரிமோட்டை அமுக்கினாங்க, கேட்டு திறந்துச்சு, ஒரு அடி வச்சாங்க. அப்புறம் இன்னொண்ணு. தண்ணியில இறங்குற மாதிரி இறங்கினாங்க தெருவுல. சாயந்திரம் வந்துடுவேன்னு சொன்னாங்க. கேட்டு என் மூஞ்சிக்கு நேரா மூடிக்கிச்சு. எனக்கு அப்ப நிஜமாவே சந்தோஷம், வேற எதையும் யோசிக்கல.

பத்து மணிக்குப் பூண்டு வாங்கணும்னு கீழ வந்தேன். அப்பத்தான் உறைச்சுது. ரெண்டு ரிமோட்டும் அவங்ககிட்ட. சின்னக் கதவுல பூட்டு தொங்குது, சாவி அவங்க இடுப்புல. மோட்டார் பெட்டிக்கும் பூட்டு. கேட்டை உள்ள இருந்து திறக்கிற சுவிட்சு அவங்க ஹால்ல, ஹாலைப் பூட்டிட்டுப் போயாச்சு. சுவர் மேல கண்ணாடிச் சில்லு. அடிப்பாவின்னு வாய்விட்டே சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ஷிப்டு முடிஞ்சு வந்து வெளிய நின்னார். இவருக்குச் சிரிப்பு. அந்த சோப்பு டப்பா ஜன்னல் வழியா பூண்டும் ரெண்டு பன்னும் குடுத்தார். சாயந்திரம் வந்துடுவாங்கன்னு ரெண்டு பேரும் கேட்டுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமா உட்கார்ந்திருந்தோம். வரல. கீழ வீட்டுக்குள்ள போன் அடிச்சுது. நின்னுச்சு, மறுபடி அடிச்சுது. நல்ல சேதியா கெட்ட சேதியான்னு தெரியாம, பூட்டின கதவுல காதை வச்சுக்கிட்டு நான் நின்னேன். என்னால எடுக்க முடியல. என் வீட்டுக்காரர் கடைசியில ஜோகுபாளையத்துல இருக்கிற அவர் அண்ணன் வீட்டுக்குப் படுக்கப் போயிட்டார். அன்னிக்கு எனக்கு வந்த கோபம் இருக்கே, வரட்டும் அந்த அம்மா, நாலு கேள்வி கேக்காம விடுறதில்ல, அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்றோம்னு தனியாப் பேசிக்கிட்டே கிடந்தேன். நடுவுல அந்தக் குளியலறை ஞாபகம் வந்துச்சு. ஒரு மத்தியானம் பூரா அந்த இருட்டுல எப்படி இருந்திருப்பாங்கன்னு தோணுச்சு. வேணாம்னு தள்ளினேன், கோபம் குறையக்கூடாதுன்னு.

மறுநாள் காலையில ஆட்டோ வந்து நின்னுச்சு. டிக்குன்னு ரிமோட்டு சத்தம். மோட்டார் அசையல. மறுபடி டிக்கு டிக்கு. ஒண்ணும் இல்ல. வேற ரிமோட்டை எடுத்து அமுக்குறாங்க போல, அதுவும் டிக்கு. நான் படியிலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். ஆட்டோ போயிருச்சு.

"ஏம்மா, மேல இருக்கியா?"

அந்தக் குரலை அந்தப் பக்கத்துல இருந்து நான் கேட்டதே இல்ல. எழுந்து போய் ஜன்னலைத் தள்ளினேன். தலை கலைஞ்சு, கண்ணு சிவந்து, கண்ணாடி இல்லாத மூஞ்சி. கண்ணாடியை ஆஸ்பத்திரியில மறந்து வச்சுட்டு வந்துட்டாங்களாம். ஒரு தீப்பெட்டியைக்கூட எங்கேயும் விட்டுட்டு வராத மனுஷி. கேட்டு கெட்டுப் போச்சும்மா, திறக்க மாட்டேங்குதுன்னாங்க. வழியில அமுக்குனீங்களான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. வண்டி ஏறினதுலேருந்து அமுக்கிக்கிட்டே போயிருக்காங்க, ஜெபமாலை உருட்டுற மாதிரி. ஒரு கட்டைவிரல் வலிச்சா அடுத்த ரிமோட்டு, அடுத்த விரல். கேட்டு அங்க காட்பாடியில இருந்து மூடிக்கும்னு இல்ல, கையில ஏதாவது இருக்கணும்னு. அவங்க அத்தனை ஸ்டேஷன் முன்னாடி போயிட்டாங்க, கேட்டு அவங்களை வேற ஆளுன்னு முடிவு பண்ணிருச்சு.

சேர்த்து வச்ச நாலு கேள்வியும் நாக்கு நுனியில நின்னுச்சு. கேக்கல. வாயில வந்தது வேற.

"ஸ்டேஷன் சொல்லுங்க ஆன்ட்டி."

என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. கோபப்படுவாங்கன்னு நினைச்சேன், இல்ல. யோசிச்சாங்க. ஊருக்கெல்லாம் ரயில் ஓட்டின அம்மா, தன்னோட ரயில் எங்க நிக்குதுன்னு தேடினாங்க. அது கிளம்பவே இல்லைன்னு அப்பத்தான் அவங்களுக்கே பட்டிருக்கணும்.

"பெங்களூர் ஈஸ்ட்"னாங்க.

அந்த ஸ்டேஷன் எங்க தெருவுல இருந்து நடக்குற தூரம்தான். அதைச் சொல்றதுக்குத்தான் அவங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சு. சாவி குடுங்கன்னு கையை நீட்டினேன். அத்தனை பெரிய சாவிக்கொத்து அந்த ஜன்னல்ல நுழையல. கண்ணாடி இல்லாம எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னும் அவங்களுக்குத் தெரியல. வளையத்தை விரிச்சு ஒவ்வொண்ணா என் உள்ளங்கையில போட்டாங்க. பீரோ, ஸ்டோர் ரூம், அரிசி டின்னு, ஹால், எல்லாம் என் கைக்கு வந்துச்சு. கடைசியில வந்ததுதான் சின்னக் கதவுச் சாவி.

உள்ள வந்து மாடிப்படியில பொத்துன்னு உட்கார்ந்தாங்க. பொண்ணு பொறந்திருக்கு, அவங்க மூக்கு அப்படியே இருக்காம். தாயும் நல்லா இருக்கா. மக என்ன சொன்னான்னு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. உருவினா முழிச்சுக்குவா, அதான் நேத்து வர முடியல."

அப்பவும் இன்னொரு கையில ரிமோட்டு இருந்துச்சாம். அதையும் சொன்னாங்க, கொஞ்சம் வெட்கமா. உன்னைப் பூட்டிட்டுப் போனது ராத்திரி அங்க இருக்கும்போதுதாம்மா ஞாபகம் வந்துச்சு, மாப்பிள்ளையை விட்டு போன் மேல போன் போடச் சொன்னேன், யாரும் எடுக்கலன்னாங்க. எடுக்குறதுக்கு நீங்க ஹாலைத் திறந்து வச்சுட்டுப் போனீங்களான்னு கேட்டேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு, அழுதுக்கிட்டே சிரிச்சோம்.

சாவியெல்லாம் அள்ளி நீட்டினேன். ஹால் சாவியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. மத்தது உன்கிட்டயே இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன், குழந்தைக்குத் தண்ணி ஊத்த அங்க ஆள் இல்லன்னாங்க. எழுந்து ரெண்டு அடி போய்த் திரும்பினாங்க.

"அடுத்தது பையப்பனஹள்ளி. நீ மறந்துடாத."

உள்ள போய்ப் படுத்துட்டாங்க. சின்னக் கதவு திறந்தபடியே கிடந்துச்சு, அவங்க திரும்பிப் பார்க்கவே இல்ல. நான் செருப்பை மாட்டிக்கிட்டு அந்த வழியா தெருவுக்குப் போனேன்.